காரணம்: ஒரு வரியில்

மாவட்ட மைய நூலகத்திலிருந்து படிவம் வந்திருக்கிறது.
நூலின் பெயர், மொழி, பொருள், விலை.
கடைசிக் கட்டத்தில்: பரிந்துரைக்கும் காரணம்.
ஒரு வரிக்குத்தான் இடம்.
மண்டபம் கிளைக்குப் பதினோரு நூல்கள்.
நான்கு மணிக்குள் நிரப்பினால்
ராமநாதபுரம் பேருந்தில் கொடுத்தனுப்பலாம்.

முதலாவது, பாலைவனத்து நாவலின் இரண்டாம் பாகம்.
முதல் பாகத்தைப் பாசி எடுக்கப் போகும்
நம்புச்செல்வி கொண்டுபோனாள்.
திரும்பி வந்தபோது அட்டையில்
அவள் விரல்துணியின் ஈரம்
வெள்ளையாகக் காய்ந்திருந்தது.
"கொழுந்தனுக்குத் தெரியாமத் தண்ணிய ஒளிச்சு வைக்கிறா சார்.
குடம் பன்னெண்டு ரூவான்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா
நம்ம ஊருன்னே நெனச்சிருப்பேன்."
எழுதிவிடலாம் என்று பேனாவைத் திறந்தேன்:
அவர்களும் நம்மைப் போலத்தான்.

ஆனால் மூன்று முறை அவள் அதைப் புதுப்பித்தது
அதற்காக அல்ல.
கதையில் ஒருத்தி, மகன் போன பிறகு
ஒரு வருடம் உப்பைத் தொடமாட்டாள்.
"எனக்கு நாக்குலயே இருக்கே சார்,
நா எப்படி விடுவேன்?
அந்த எடம் மட்டும் புரியல.
அதான் வச்சிருக்கேன்."

பேனாவை மூடினேன்.

ஐந்தாவது, முடிச்சுகளின் கணிதம்.
பழைய பிரதி கிழிந்துவிட்டது, புதிது வேண்டும்.
எழுதிய பேராசிரியர்
படகில் கால்வைத்ததே இல்லை என்று
முன்னுரையில் ஒப்புக்கொள்கிறார்.
விசைப்படகு கிளாட்வின் தொண்ணூறாம் பக்கத்தில்
தன் முடிச்சைக் கண்டுபிடித்தான். அதற்கொரு எண்.
"எங்கப்பன் கட்டுனதுக்கு
எவன்யா நம்பர் போட்டது?"
இரண்டு நாள் கோபம்.
மூன்றாம் நாள், நூலில் இல்லாத ஒன்றை
ஓரத்தில் பென்சிலால் வரைந்துவைத்தான்.

அடுத்து எடுத்தவள் ஷமீமா நாச்சியா,
கணிதம் இரண்டாம் ஆண்டு.
படத்துக்குக் கீழே சிவப்பு மையில்:
இது முடிச்சே அல்ல, இழுத்தால் அவிழும்.
அதற்கும் கீழே, மறுபடி பென்சில்:
அவுரணும் தங்கச்சி.
நங்கூரம் பார்ல சிக்குனா உசிரு.

நூலில் எழுதினால் அபராதம்.
ரசீதுப் புத்தகம் மேசையில்தான் இருந்தது.

எல்லாம் இப்படியே நடந்ததாக நினைக்க வேண்டாம்.
பரிசு பெற்ற தடித்த நூல் ஒன்றை
கடலோரக் காவல் ஏட்டையாவிடம்
நானே வலியத் திணித்தேன்.
பதினான்காம் பக்கத்தில் பேருந்துச் சீட்டோடு வந்தது.
சீட்டு இன்னும் அங்கேயே இருக்கிறது.
நானும் அந்தப் பக்கத்தைத் தாண்டியதில்லை,
யாரிடமும் சொன்னதில்லை.

மூன்றரை.
சன்னலுக்கு வடக்கே பெண்கடல்,
தண்டவாளத்துக்கு அப்பால் ஆண்கடல்.
வாடை வந்தால் பெண்கடல் புரளும்,
வத்தைகளைத் தெற்கே கொண்டுபோவார்கள்.
கச்சானில் திரும்ப வடக்கே.
ஒரே கடல் உள்ளவனுக்கு
பாதி வருடம் கரைதான்.
இதையே காரணமாக எழுதிப் பார்த்தேன்.
அழகாகத்தான் இருந்தது.
அடித்துவிட்டேன்.
படிவத்தை வாசிக்கப்போகிறவருக்கு
கடல் ஒரு மணி நேரப் பயணம்.

பிறகு வேகமாக எழுதினேன்.
முதல் நூலுக்கு: புரியாத இடம் ஒன்று இருக்கிறது.
ஐந்தாவதற்கு: ஓரங்களில் இடம் தாராளம்.
ஏழாவதற்கு, பனிக்கரடிகளின் பற்களைப் பற்றியது,
என்ன எழுதுவதென்று தெரியவில்லை.
ஐஸ் கம்பெனிப் பையன் ஒருவன் கேட்டான்,
எதற்கென்று சொல்லவில்லை.
அதையே எழுதினேன்:
கேட்டான், சொல்லவில்லை.

மீதிக் கட்டங்கள் வெறுமையாய் இருக்க
பேருந்து ஹாரன் அடிக்கிறது.
உறையை ஒட்ட நாக்கை வைத்தேன்.
பசையிலும் உப்பு.